கிணற்றோரக் கூடை

கூடைப்பந்தின் சட்டதிட்டம் தெரிந்தவர்கள் இதில் குற்றம் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயமாகத்தான் இருக்கிறது. பிசகு இருந்தால் பொறுத்துக்கொள்ளட்டும். நடந்தது இதுதான்.

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில், பந்து விளையாடுவதற்கென்றே சம்பளம் கொடுத்து எடுத்துக்கொண்ட முதல் ஆள் இருசப்பன். மற்றவர்கள் ஷிப்ட் முடிந்து, தலையில் பஞ்சோடு விளையாட வருகிறவர்கள். அவனுக்கு ஆட்டமே வேலை.

"பந்து போடறதுக்குச் சம்பளமாமா! எங்களுக்குச் சோறு திங்கறதுக்கு ஒரு சம்பளம் போடச் சொல்லேன்டா" என்பான் அணித் தலைவன் ராக்கியண்ணன். பிரியமாகத்தான் சொல்வான். இருசப்பனுக்கு முள்ளாய்க் குத்தும்.

ஒரு பக்கத்துக் கூடைக்குப் பின்னால் பெரிய கிணறு. குறி தப்பினால் பந்து அதற்குள் போய்விடும். எறிந்தவன்தான் இறங்கி எடுத்துவர வேண்டும் என்பது ஆலையின் வழக்கம். அதுவரை ஆட்டம் நிற்கும். வேடிக்கை பார்ப்பவர்கள் விசிலடிப்பார்கள்.

சம்பளம் வாங்கிய நாள் முதல் இருசப்பன் கூடையைப் பார்ப்பதையே விட்டுவிட்டான். பந்து வந்தால் அடுத்தவனிடம் தள்ளிவிடுவான்.

"ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திலும் இப்படியே நின்றால் பெட்டியைக் கட்டு" என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை உச்சி வெயிலில் பயிற்சியாளர் ஞானாபரணத்தைத் தேடிப் போனான். திருநெல்வேலிக்காரர். ஆலையில் மாஸ்டர் என்றால் அவர்தான்.

"மாஸ்டர், சும்மா விளையாடினப்ப விழுந்துச்சுங்க. இப்பக் கூடையைப் பார்த்தாக் கிணறுதானுங்க தெரியுது. தப்பாமப் போடறதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

மாஸ்டர் பந்தை வாங்கினார். கூடையை நன்றாகப் பார்த்தார். பிறகு அதற்கு மேலாக, நேரே கிணற்றுக்குள் எறிந்தார்.

தொம்!

"அடடா, எறிஞ்சவன்லா இறங்கணும்" என்றவர், விசிலைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார். போட்டிருந்த சட்டை, கால்சட்டையோடு கிணற்றில் குதித்தார்.

"ஐயோ, மாஸ்டர்!"

அவருக்கு நீச்சல் தெரியுமோ தெரியாதோ என்று இருசப்பனும் பின்னாலேயே விழுந்தான். மேலே வந்து பார்த்தால், மாஸ்டர் பந்தைத் தலைக்கு வைத்து மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு ராக்கியண்ணன் எட்டிப் பார்த்தான். "அடப்பாவி, மாஸ்டரையே தள்ளிட்டயா?" என்றபடி அவனும் குதித்தான். மற்றவர்கள் படியில் இறங்கப் பொறுமையில்லாமல் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். பந்து தலைக்குத் தலை பறந்தது. இருசப்பன் எறிந்தது ராக்கியண்ணன் மூக்கில் பட்டது. அவன் எறிந்தது சுவரில் பட்டது. சிரித்துச் சிரித்து எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள்.

கரையேறியதும் இருசப்பன் கேட்டான்.

"நான் கேட்டதுக்குப் பதிலே சொல்லலீங்களே?"

மாஸ்டர் சட்டையைப் பிழிந்தார்.

"தண்ணி எப்படிலே இருந்துச்சு?"

"சொகமா இருந்துச்சுங்க."

"பொறவு என்னலே?"

மறுநாள் ஆட்டம் தொடங்குமுன், இருசப்பன் கிணற்று மேட்டில் ஒரு துண்டையும் மாற்றுச் சட்டையையும் மடித்து வைத்துக்கொண்டிருந்தான்.

"இதென்னடா?" என்றான் ராக்கியண்ணன்.

"இன்னைக்கு நிறையப் போடப் போறனுங்கண்ணா. ஒண்ணு ரெண்டு கிணத்துக்குள்ள போகுமில்லீங்களா?"

எதற்கும் இருக்கட்டும் என்று, காற்றில் பறக்காதபடி துண்டின்மேல் ஒரு கல்லையும் வைத்துவிட்டுக் களத்துக்கு ஓடினான்.