கீழமுறப்பட்டி பிரிட்ஜ் ஓடிய கதை

தென்காசிக்குக் கிழக்கே கீழமுறப்பட்டி என்று ஒரு ஊர். அந்த ஊரில் மூன்று பேர் சேர்ந்து ஒரு பழைய கேரவன் வாங்கினார்கள். படப்பிடிப்பில் நடிகர்கள் இளைப்பாறுகிற வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, இடுப்புயரத்துக்கு ஒரு குட்டி பிரிட்ஜ். எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டால், “வித்தாங்க, வாங்கினோம்” என்பார்கள். அதுவும் நியாயம்தானே.

மூவரில் பெரியவர் கோமதிநாயகம். யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். பாதி நேரம் அப்படியே தூங்கிவிடுவார். அவருடைய மச்சினன் சங்கிலிமுத்து, முப்பத்தேழு வயதாகியும் கல்யாணம் ஆகாதவன். மூன்றாமவன் பாலையா. வண்டி ஓட்டத் தெரிந்தவன், நிறுத்துவதற்குத்தான் கொஞ்சம் யோசிப்பான்.

முதல் பயணமாக மதுரைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு கிலோ பால்கோவா வாங்கினார்கள். பன்னிரண்டு நாள் கழித்து ஆண்டிபட்டியில் சங்கிலிமுத்துவுக்குப் பெண் பார்க்கப் போகவேண்டும். பெண் பெயர் செண்பகவல்லி. பால்கோவா என்றால் அவளுக்கு உயிர் என்று தரகர் சொல்லியிருந்தார். ஏழு இடத்தில் தட்டிப்போன சங்கிலிமுத்து, இந்த இரண்டு கிலோவைத்தான் மலைபோல நம்பியிருந்தான்.

ஊருக்கு வந்து வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். அப்போதுதான் பிரச்சினை கிளம்பியது. அடுத்த பயணம் வரைக்கும் பிரிட்ஜை ஓடவிடுவதா, நிறுத்திவிடுவதா?

“வண்டியே நின்னுட்டு. பிரிட்ஜ் மட்டும் தனியா எங்க ஓடப்போகுது?” என்றான் பாலையா.

“அப்ப என் பால்கோவா?” என்றான் சங்கிலிமுத்து.

“அதுவும் நிக்கட்டும்.”

கோமதிநாயகம் கண்ணை மூடினார். நல்லவேளை, தூங்கவில்லை. வண்டியை விற்ற மெக்கானிக் எட்வினுக்குப் போன் போட்டார்.

எட்வின் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். “உள்ள ஒண்ணும் இல்லன்னா நிப்பாட்டிட்டு, கதவைத் திறந்து போடும். சாமான் இருக்கா? அப்ப பிரிட்ஜ் ஓடிக்கிட்டேதான் இருக்கணும்” என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

“கேட்டியளா? ஓடிக்கிட்டேதான் இருக்கணுமாம்” என்றார் கோமதிநாயகம்.

உடனே பாலையா வண்டியைக் கிளப்பினான். இரண்டு நாள் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். வண்டியிலேயே சாப்பாடு, வண்டியிலேயே தூக்கம். மூன்றாம் நாள் காலை பாலையா திடீரென்று பிரேக் போட்டான்.

“அண்ணாச்சி, நாம கேட்டது ரெண்டு பயணத்துக்கு நடுவுல என்ன செய்யன்னுதான? வண்டி ஓடினா அதுவே ஒரு பயணம் ஆயிருதே! அப்ப நடுவு எங்க இருக்கு?”

மூவரும் பயந்துபோய் இறங்கினார்கள். யோசித்துப் பார்த்ததில் ஒரே வழிதான் தெரிந்தது. வண்டி நிற்கவேண்டும், பிரிட்ஜ் ஓடவேண்டும்.

பிரிட்ஜைக் கழற்றித் தள்ளுவண்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். பின்னால் தொங்கிய வயரைச் சங்கிலிமுத்து கையில் பிடித்துக்கொண்டான். “வாலை மிதிச்சிராதிய” என்று எச்சரித்தான். குளத்தைச் சுற்றி ஓட்டம் தொடங்கியது.

எதிரே வந்த பஸ் ஒதுங்கி நின்றது. டிரைவர் ஏதோ சப்பரம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். டீக்கடைக்காரர் ஊர்வலம் என்று கொடி தேடினார். எதற்கு ஓடுகிறோம் என்று கேட்காமலே நான்கு பேர் பின்னால் சேர்ந்து ஓடினார்கள்.

நண்பகலில் தள்ளுவண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

“ஐயோ அத்தான், ஒழுகுது!”

கோமதிநாயகம் பிரிட்ஜைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது. “மாப்ளே, காலையிலருந்து ஓடுது. வேர்க்காதா?”

எல்லோருக்கும் மனசு கஷ்டமாகிவிட்டது. நிழலில் நிறுத்தித் துண்டால் துடைத்தார்கள். பாலையா விசிறினான். ஒருவர் குளுக்கோஸ் கரைத்துக்கொண்டு வந்தார். எந்தப் பக்கம் ஊற்றுவது என்று தெரியாததால் அவரே குடித்துவிட்டார்.

அந்த நேரம் எட்வின் பைக்கில் அந்த வழியாக வந்தார். விஷயத்தைக் கேட்டார். பிறகு பிரிட்ஜை டீக்கடைக்குள் தூக்கிவைத்து, பிளக்கை மாட்டி, சுவிட்சைப் போட்டார். ‘ம்ம்ம்’ என்று சத்தம் வந்தது.

“இப்ப ஓடுது” என்றார்.

“நிக்குதே!”

“காதை வச்சுப் பாரும் வே.”

கோமதிநாயகம் காதை வைத்தார். முகம் மலர்ந்தது. “அடேயப்பா! நின்ன எடத்துலயே ஓடுது!”

ஆனால் பால்கோவா புளித்துப் போயிருந்தது. சங்கிலிமுத்துவின் கண் கலங்கியது. எட்வினுக்கு இரக்கம் வந்துவிட்டது. “பொண்ணு ஆண்டிபட்டிதானய்யா? போற வழியிலதான ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கு? அப்ப வாங்கிக்கிடும்.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “போற வழியில இருக்கது எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்க வரும்போதுல்லா பார்த்தோம்!” என்றான் பாலையா.

எட்வினே பிரிட்ஜைத் திரும்ப வண்டியில் பொருத்தினார். நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: “இப்ப காலி. நிப்பாட்டிக் கதவைத் திறந்து போடும். கிளம்புறதுக்கு முந்தின நாள் வீட்டுலருந்து வயர் இழுத்துக் கரண்ட் குடும். உள்ள நல்லாக் குளிரட்டும். அதுக்கப்புறம் பொண்ணு வீடு போய்ச் சேர்ற வரைக்கும் கரண்டை நிப்பாட்டக் கூடாது.”

சொன்னதை அப்படியே செய்தார்கள். முந்தின நாள் பாலையா வீட்டிலிருந்து வயர் இழுத்தார்கள். மறுநாள் காலை வண்டி கிளம்பியது. பாலையா ஆமை வேகத்தில் ஓட்டினான். சங்கிலிமுத்து பட்டு வேட்டியோடு பின்படியில் உட்கார்ந்து, வயர்ச் சுருளை ஒவ்வொன்றாக முடிச்சுப்போட்டு அவிழ்த்துவிட்டுக்கொண்டே வந்தான். ஆற்றுப் பாலத்தில் எட்டாவது சுருளும் தீர்ந்துபோனது.

ஆண்டிபட்டிக்கு இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. நல்ல நேரமோ பத்தரையோடு முடிந்துவிடும். சங்கிலிமுத்து தலையில் கைவைத்துவிட்டான்.

கோமதிநாயகம் பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டார். “சம்பந்தி, மன்னிக்கணும். எங்க வயர் பாலத்தோட முடிஞ்சுபோச்சு.”

கேட்டுக்கொண்டிருந்த சங்கிலிமுத்துவுக்கு எட்டாவது இடமும் போய்விட்டது என்றே பட்டது.

“இதுக்கா கலங்குறீங்க சம்பந்தி? எங்க வீட்டுலயும் ரெண்டு சுருள் கெடக்கு. பொண்ணையும் கூட்டிக்கிட்டு நாங்க இங்கேருந்து இழுத்துட்டு வர்றோம்!”

கோமதிநாயகம் போனை வைத்தார். ஆனந்தத்தில் மச்சினன் முதுகில் ஒரு தட்டு தட்டினார்.

“மாப்ளே, பொண்ணு நமக்குப் பிடிச்சுப்போச்சு.”

பாலையாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். “ரெண்டு வயரும் சந்திக்கிற எடத்துல மிச்சம் விழுந்தா அது யாருக்கு, அண்ணாச்சி?”

“இது என்ன கேள்வி? சீர்ல சேத்துக்க வேண்டியதுதான்.”