கையை ஒடித்துக் கொடுத்த நொச்சி

ஆடும் மீன்கொத்தியும் ஒரே பாஷையில் வம்பளந்த அந்தக் காலத்தில், ஓடைக்கரை மொட்டையாகக் கிடந்தது. மரமெல்லாம் மேட்டில் சொகுசாக நின்றன. மழை பெய்தால் கரை பாளம் பாளமாக இடிந்து தண்ணீரில் விழும்.

கரையில் பொந்து குடைந்து முட்டையிட்ட மீன்கொத்தி, ஒரு மழையில் எல்லாவற்றையும் பறிகொடுத்தாள். அழுது தீர்த்துவிட்டு ஊரைக் கூட்டினாள்.

"கரையில கன்னு வெச்சா வேரு மண்ணைப் பிடிச்சுக்கும். இஷ்டம் உள்ளவங்க வாங்க. கூலி கிடையாது."

ஆமை வந்தான், நண்டு வந்தான். எல்லோருக்கும் முன்னால் ஆடு வந்து நின்றான். நல்ல மனசுக்காரன். அத்திக் கன்றுகளையும் பூவரசங் கன்றுகளையும் மேட்டிலிருந்து முதுகில் சுமந்து வந்தவன் அவன்தான். அவன் உழைப்பில் பூரித்துப்போய், நட்ட கன்றுகளுக்குக் காவலாகவும் அவனையே வைத்தார்கள். என்ன புத்தியோ!

காலையில் கரை பழையபடி மொட்டை.

"ஒரே ஒரு எலைதான் கடிச்சேன் அக்கா," என்று ஆடு தேம்பினான். "அப்புறம் வாய் நிக்கலை."

மீன்கொத்தி வானத்தை அண்ணாந்து பார்த்தாள். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பொந்தில் புது முட்டைகள் இருந்தன.

மேட்டோரம் நின்ற நொச்சி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கசப்புக்காரி என்று அவளிடம் யாருமே கன்று கேட்டுப் போகவில்லை.

"என்னை வெச்சுப் பாரேன்," என்றாள் நொச்சி.

"உங்கிட்ட கன்னு இல்லையேக்கா?" என்றாள் மீன்கொத்தி.

"கை இருக்கே. ஒடிச்சுக்கோ."

"வலிக்குமே!"

"வலிக்கும்தான். நீ அன்னைக்கு அழுதது மேடு வரைக்கும் கேட்டுச்சு. ஒடி, சொல்றேன்."

நண்டு கிளைகளை நறுக்கினான். ஆடு சுமந்தான். ஆமை மண்ணை மிதித்து இறுக்கினான். நடுவே பழக்கதோஷத்தில் ஓர் இலையை வாயில் போட்ட ஆடு, "தூ! தூ!" என்று துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மீன்கொத்தி வெகுநாள் கழித்துச் சிரித்தாள்.

குச்சிகள் வேர்விட்டுத் தளிர்த்தன. பிறகு பெருமழை வந்தது. வெள்ளம் கரையை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. ஒரு பிடி மண்கூடப் பெயரவில்லை. பொந்துக்குள் குஞ்சுகள் கீச்சிட்டன.

மீன்கொத்தி மேட்டுக்குப் பறந்துபோய், நொச்சியின் ஒடிந்த கையில் உட்கார்ந்து சொன்னாள்: "உன்னை எங்கே ஒடிச்சு நட்டாலும் நீ பொழைச்சு வரணும், அக்கா."

ஈரக்கரையில் சொருகிய நொச்சிக் குச்சி தானாகத் துளிர்ப்பதும், ஆடு அதை மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போவதும் அன்று தொட்டுத்தான்.