வெள்ளச்சித் துறைக்குப் புதுப்பெயர்

முன்னொரு காலத்தில், கடலோரத்து நெய்தல்பாடி நாட்டை ஓர் அரசன் ஆண்டு வந்தான். அவன் பெயரை இங்கே சொல்வதற்கில்லை. அரசன் பெயர் காதில் விழத் தொடங்கினால், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து, தோள்துண்டை இடுப்பில் கட்டிக் கைகூப்ப வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். சொல்கிறவனோ பட்டங்கள் அத்தனையையும் முன்னால் அடுக்க வேண்டும். பெயருக்கு வந்து சேர்வதற்குள் சோறு ஆறிவிடும். அதனால் ஜனங்கள் 'அரசன்' என்றே சொன்னார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

அந்த நாட்டின் பெரிய துறைமுகத்துக்கு வெள்ளச்சித் துறை என்று பெயர். அரசனைப் புகழ்வதையே தொழிலாகக் கொண்ட சக்கரபாணியாருக்கு அது பொறுக்கவில்லை.

"பிரபு, கப்பலேறி வரும் பிறநாட்டார் முதலில் கேட்பது ஒரு மீனவப் பெண்ணின் பெயர்! நாட்டின் வாசலுக்குத் தங்கள் திருப்பெயர் அல்லவா வேண்டும்?"

அரசன் மீசையைத் தடவிக்கொண்டான். "யார் அந்த வெள்ளச்சி? ஏதாவது போரில் வென்றாளா?"

அமைச்சர் நாகனார் சொன்னார்: "இல்லை பிரபு. மூடுபனியில் கடலுக்குப் போன புருஷன் கரை தெரியாமல் தவிக்கக் கூடாதென்று, இடுப்பளவு தண்ணீரில் நின்று தன் பெயரைக் கூவிக்கொண்டே இருந்தாள்."

"அவன் வந்தானா?"

"அவன் வரவில்லை. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் வந்தார்கள். இன்றும் பனிக் காலையில் ஒருவன் கரையில் நின்று அந்தப் பெயரைக் கூவுகிறான். படகுகள் அதைக் கேட்டுத்தான் கரை சேர்கின்றன."

"வராதவனைக் கூப்பிட்ட பெயர், அபசகுனம்!" என்றார் சக்கரபாணியார்.

மறுநாளே துறையில் அரசன் பெயர் பொறித்த கல் நின்றது. பழைய பெயரை உச்சரிப்பவன் நாக்கை அறுக்க வேண்டும் என்று பறையும் அறைந்தார்கள்.

அந்த வாரமே பனி இறங்கியது. துறையில் கூவுகிறவன் உலகன் என்ற பரதவன். மூன்று படகுகள் வழி தெரியாமல் தடுமாறுவதைக் கேட்டவன், பறையை மறந்து, "வெள்ளச்சீ...!" என்று கூவிவிட்டான். படகுகள் கரை சேர்ந்தன. உலகன் விலங்கோடு சபை சேர்ந்தான்.

"ஏனடா புதுப்பெயரைச் சொல்லவில்லை?"

"சொல்லத்தான் நினைத்தேன் மகாராசா. அது முடிகிற வரைக்கும் கடல் காத்திருக்காதுங்களே."

"திமிரைப் பாருங்கள்!" என்று துள்ளினார் சக்கரபாணியார். "இப்போதே அறுக்க வேண்டும்!"

நாகனார் எழுந்தார். "அறுக்கட்டும் பிரபு. ஆனால் புதுப்பெயரைக் கேட்டு முதலில் கரையேற வேண்டியவர் அந்தப் பெயருக்கு உரியவர் அல்லவா? நாளை விடியலில் படகில் போய்த் திரும்புவோம். கரையேறியதும், எல்லோர் முன்னிலையிலும் தண்டனை நிறைவேறட்டும்."

"கரையில் நின்று கூவும் பேறு அடியேனுக்கு!" என்றார் சக்கரபாணியார்.

மறுநாள் விடியலில் கடலும் வானும் ஒரே வெள்ளை. அரசனும் நாகனாரும் போன படகு திரும்பி வரும் நேரம், கரையிலிருந்து சக்கரபாணியாரின் குரல் எழுந்தது.

"ராஜாதிராஜ, ராஜகம்பீர, பகைவர் குலநாச..."

துடுப்புக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக் கைகூப்பினார்கள். படகு தன்போக்கில் திரும்பியது.

"என்னடா இது? துடுப்பைப் போடுங்கள்!"

"மன்னிக்கணும் மகாராசா," என்றான் படகுத் தலைவன். "பெயர் முடியறதுக்குள்ள உட்கார்ந்தா சவுக்கடி."

"உத்தரவிடுவது நான்!"

"அது சரிங்க. அங்கே சொல்றதும் உங்க பெயருங்களே. உங்களுக்கு மரியாதை செய்யறதா, உங்க பெயருக்குச் செய்யறதா, எங்களுக்கு விளங்கலீங்க."

"...ஏழ்கடல் காவல, எண்திசை வேந்த..." பட்டங்கள் பனியில் பஞ்சாய்ப் பறந்தன.

"நாகனாரே, எந்தப் பக்கத்திலிருந்து கத்துகிறான்?"

"தங்கள் புகழ் எல்லாப் பக்கமும் கேட்கிறது பிரபு. அதுதான் சிக்கல்."

படகின் அடி பாறையில் உரசியது. ஒரு பலகை விரிந்து, அரசனின் பட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. அவ்வளவுதான். ஏழ்கடல் காவலன் அலறினான்:

"வெள்ளச்சீ! யாராவது வெள்ளச்சி என்று கூவுங்களேன்!"

கரையில் விலங்கோடு நின்ற உலகன் அதைக் கேட்டான். எப்படியும் போகப்போகிற நாக்கு. அவன் நெஞ்சு நிறைய மூச்சிழுத்துக் கூவினான். "வெள்ளச்சீ...!" அந்த ஓசை கயிறு போல நேராகப் பனிக்குள் நீண்டது; சக்கரபாணியாரின் பட்டங்கள் அதில் அமுங்கின. மீனவப் பெண்ணின் பெயருக்கு எழுந்து நிற்க வேண்டும் என்று சட்டம் இல்லை. துடுப்புக்காரர்கள் உட்கார்ந்து வலித்தார்கள்.

அரசன் சொட்டச் சொட்டக் கரையேறினான். சக்கரபாணியார் ஓடி வந்தார்.

"பிரபு! இன்று இரண்டு நாக்கு! இவனுக்கு முன்னால் பனிக்குள்ளிருந்தும் எவனோ பழைய பெயரைக் கத்தினான். அவன் நாக்கைத்தான் முதலில் அறுக்க வேண்டும்!"

"குரல் அடையாளம் தெரிந்ததா ஐயா?" என்று பணிவாகக் கேட்டார் நாகனார்.

"தெரியவில்லை. ஆனால் பயந்தாங்கொள்ளிக் குரல். கழுதை கத்துவது போல இருந்தது!"

படகிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் அரசனைப் பார்த்தார்கள். அரசன் தன் நாக்கால் மேலுதட்டு உப்பை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நாக்கு இன்னும் இருந்தது.

"கழுதையா?" என்று கேட்டான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்ததும் முத்துமாலையைக் கழற்றி நாகனாரிடம் கொடுத்தான். அவர் அதை உலகனின் கையில் வைத்து, விலங்கை அவிழ்க்கச் சொன்னார். இனிப் பனிக் காலைகளில் உலகனுக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சக்கரபாணியாரும் அந்தப் பெண்ணின் பெயரைக் கூவ வேண்டும் என்று உத்தரவாயிற்று.

"என் பெயர் போட்ட கல்லை என்ன செய்வது?" என்றான் அரசன்.

"படகுகளைக் கட்டிப்போட உதவும் பிரபு," என்றார் நாகனார்.

உதவியது. கயிறு உரசி உரசி எழுத்துகள் தேய்ந்தன. பட்டங்கள் கொஞ்சம் தாக்குப்பிடித்தன; பெயர்தான் முதலில் போயிற்று. துறைக்கு மட்டும் பழைய பெயரே நிலைத்தது. வராத ஒருவனுக்காகக் கூவிய பெயர். வருகிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருக்கிறார்கள்.