தேரை சொன்னது

காட்டுக்குளத்தின் கரையோரச் சேற்றில் தேரைகள் குடியிருந்தன. அவற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆபத்து நெருங்கினால் கத்தாமல் கப்சிப்பென்று அடங்கிவிடும். ஒன்று அடங்கினால் கரை முழுக்க அடங்கிவிடும்.

கொஞ்ச நாளாகப் பொழுது சாய்ந்தாலே கரை அடங்கியது. விடிந்தால் ஒரு தேரை குறைந்திருந்தது. நேற்றுக் காணாமல் போனது செம்மித் தேரையின் அக்கா.

செம்மிக்குச் சந்தேகம் குளத்துக் காவலரான மலைப்பாம்பின் மேல்தான். ஆனால் காட்டுச் சபையில் தேரைகளுக்கு இடமில்லை. அவற்றுக்காகவும் கிளிதான் பேசும்.

சுற்றுலா ஜீப்பிலிருந்து விழுந்த செல்போன் ஒன்று மந்தியிடம் இருந்தது. செம்மி மந்தியிடம் போனது.

"மந்தியக்கா, எங்க கதையை இதுல பிடிச்சுச் சபையில காட்டுவியா?"

"உன் மூஞ்சியையா? போனே கண்ணை மூடிக்கும்!" என்று மந்தி சிரித்தது.

"அந்தக் கரகரக் குரலை யார் கேட்பா? தள்ளு, நான் சொல்றேன்!" என்று கிளி முன்னால் வந்தது.

அழகான குளம், அஞ்சாத தேரைகள் என்று கிளி இழுத்து இழுத்துப் பாடியது. மந்தி அதைப் படம்பிடித்துக் காட்டியது. சபையே ரசித்தது. மலைப்பாம்பும் வாலைத் தட்டி, "பிரமாதம்!" என்றது. அக்காவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

செம்மி அழுதது. அதைப் பார்த்து மந்திக்கு மனசு கேட்கவில்லை.

"போன்ல சார்ஜ் சிவப்புக்கு வந்துடுச்சுடி. இன்னும் ஒரே ஒரு தடவைதான். நீயே சொல்லு."

அன்று பொழுது சாயும்போது, செம்மியின் பொந்து வாசலில் சருகுக்கடியில் போன் ஓடிக்கொண்டிருந்தது. மந்தி மேல்கிளையில் ஒளிந்திருந்தது.

தேரைகள் கத்தின. சட்டென்று அடங்கின.

சரசரவென்று புல் விலகியது. செம்மி பொந்து வாசலுக்கு வந்தது. வாயைத் திறந்தால் உயிர் போகலாம். திறக்காவிட்டால் போனில் வெறும் மௌனம்தான் இருக்கும்.

"காவல்காரரே... எங்க அக்கா எங்கே?"

"அட, இங்கேயா இருக்கே! என் வயித்துக்குள்ளே பத்திரமா இருக்கா!"

"சபையில சொல்லிடுவேன்!"

"சொல்லேன்! தேரை பேச்சை யார் கேட்பா? நாளைக்கு மான் தன் குட்டியை என் காவல்ல விட்டுட்டு மேயப் போகுது. அதுக்கப்புறம் உன்னை மாதிரிப் பொடிசுங்க எனக்கு எதுக்கு?"

பாம்பு பாய்ந்தது. செம்மி பக்கத்துப் பாறை இடுக்கில் விழுந்தது. முதுகுக்குப் பின்னால் பல் பாறையில் உரசியது. ஏமாந்த பாம்பு சீறிவிட்டுப் போனது. மந்தி இறங்கி வந்து போனை எடுத்துக்கொண்டது.

விடிந்ததும் சபையில் மந்தி காட்டிய போனிலிருந்து அந்தக் கரகரக் குரல் கேட்டது. பின்னாலேயே பாம்பின் குரலும் கேட்டது. அதோடு திரை இருண்டுபோனது.

மான் தன் குட்டியைக் காலிடுக்கில் இழுத்துக்கொண்டது. கிளி தலையைச் சிறகுக்குள் மறைத்துக்கொண்டது. காட்டுப்பன்றிகள் மலைப்பாம்பை மலைக்கு அப்பால் விரட்டிவிட்டு வந்தன.

"இனிமே சபையில உன் இடத்துல நீயே உட்காரு," என்று மான் செம்மியைக் கூப்பிட்டது. செம்மி போய் உட்கார்ந்தது. பக்கத்தில் அக்காவுக்கென்று கொஞ்சம் இடம் விட்டது.

எளியவரின் பயத்தை அவர் குரலிலேயே கேட்காத ஊர், தன் வாசலுக்கு வரும் ஆபத்தையும் கேட்காமலே போய்விடும்.