முப்பத்தொன்பது வளைகள்

மழை விடாத ஒரு காட்டில், ஏரிக்குக் கீழே தாழ்வான புல்வெளி இருந்தது. அங்கே நூற்றிருபது வளைகள், வளைக்கு ஒரு முயல். ஏரிக்கரை கசிந்தால் வளை வளையாகப் போய், "மேட்டுக்கு ஓடுங்கள்" என்று சொல்வது கிழக் கடமானின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை. ஒரு வருஷம் செய்தது, அதன் தலையிலேயே விழுந்துவிட்டது. பாவம்!

இந்த வருஷம் அதற்குக் கால் வீங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஏரிக்கரையில் குடியிருந்த நண்டு ஒன்று வந்து, "கரை தாங்காது அண்ணே, மத்தியானத்துக்குள் உடைந்துவிடும்" என்றது.

"நூற்றிருபது வளைக்கு நடக்க என்னால் ஆகாதப்பா."

"மூன்று முயலுக்குச் சொல்லுங்கள், போதும். ஒவ்வொன்றும் தனக்குக் கீழே உள்ள மூன்று வளைக்குச் சொல்லட்டும். கேட்டவை அதேபோல் மும்மூன்று பேருக்கு. நாலு சுற்றில் முடிந்துவிடும்."

"மூன்று பேர், நாலு சுற்று. பன்னிரண்டு பேருக்குத்தானே தெரியும்? மற்றவர்கள் மூழ்குவதா?"

"இது அடுக்குக் கணக்கு அண்ணே. முதலில் மூன்று. மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது. மறுபடி பெருக்கினால் இருபத்தேழு. மறுபடி எண்பத்தொன்று. எல்லாம் சேர்த்துப் பாருங்கள், நூற்றிருபது!"

கடமான் நொண்டிக்கொண்டே போய், முதல் வரிசையில் இருந்த மூன்று முயல்களுக்குச் சொன்னது. இரண்டு தங்களுக்குக் கீழே உள்ள வளைகளுக்குச் சொல்ல ஓடின. மூன்றாவது முயல் காலையிலிருந்து வளை தோண்டி ஓய்ந்து போயிருந்தது. 'மூன்று பேர்தானே, வேறு யாராவது சொல்லிவிடுவார்கள்' என்று நேராக மேட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

கரை உடைந்தது. மேட்டுக்கு வந்தவர்களை நண்டு எண்ணியது. எண்பத்தொரு முயல்கள்தான் இருந்தன.

"முப்பத்தொன்பது பேரைக் காணோமே!"

கடமான் மூன்றாவது முயலைப் பார்த்து, "நீ சொன்னாயா?" என்று கேட்டது.

"களைப்பாக இருந்தது. மூன்று பேரைத்தானே விட்டேன்?"

"அந்த மூன்று பேர் ஒன்பது பேருக்குச் சொல்லியிருப்பார்கள். ஒன்பது பேர் இருபத்தேழு பேருக்கு," என்றது நண்டு.

"உன் தங்கை வளை எங்கே?" என்று கடமான் மெதுவாகக் கேட்டது.

"எனக்கு நேர் கீழே, கடைசி வரிசையில்..." என்று தொடங்கிய முயலுக்கு அப்போதுதான் விளங்கியது. அது அலறிக்கொண்டு சரிவுக்கு ஓடியது. அங்கே செம்மண் கலந்த வெள்ளத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.



நீதி: ஒன்று பலவாகப் பெருகும் வேலையில், தொடக்கத்தில் ஒருவர் சோம்பினாலும் இழப்பு அதே கணக்கில் பெருகும்.