எண்பது சாவியும் ஓர் ஆணியும்

"மேடம், நீங்க ஒரு வார்த்தை சொல்லோணும். ஒரே வார்த்தை. என் பொழப்பே அதுலதான் இருக்குது."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சம்பத் கேட்டுவிட்டான்.

கோகிலவாணி மேடம் தலையைத் தூக்கவில்லை. வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க சம்பத். யார்கிட்டச் சொல்லோணும்?"

சொன்னான். ஏழு கல்லூரி நடத்துகிற அறக்கட்டளை ஒன்று. ஏழுக்கும் புதிதாக வலைத்தளம் கட்ட ஆள் தேடுகிறார்கள். சம்பத்தின் பெயர் கடைசிச் சுற்று வரைக்கும் வந்துவிட்டது. யாரிடம் தொழில் படித்தாய் என்று தாளாளர் கேட்டிருக்கிறார். மேடத்தின் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாராம்.

"அந்தம்மா உனக்காக ஒரு வார்த்தை சொன்னா வேலை உனக்குத்தான்னுட்டாருங்க. புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவரே உங்களுக்குப் போன் போடறாராம்."

அன்று திங்கட்கிழமை.

குரு என்றதும் தாடியையும் காவியையும் தேடாதீர்கள். ஈரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை, ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். அவ்வளவுதான் ஆசிரமம். மேடத்துக்கும் சம்பத்துக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பதினாறு வருடத்துக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மேடம் பாடம் எடுத்தார், சம்பத் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டான். அதற்கப்புறம் இரண்டு பேருமே யாரிடமும் சம்பளத்துக்குப் போகவில்லை. தனி ஆளாக இருந்து, கடைக்காரர்களுக்கும் கம்பெனிக்காரர்களுக்கும் வலைத்தளம் கட்டிக் கொடுத்துப் பிழைக்கிறார்கள்.

மேடத்துக்கு இப்போது வேலை கொடுப்பவர்கள் பதினோரு பேர். சம்பத்துக்கு எண்பது பேர்.

அந்த வித்தியாசம்தான் சம்பத்தைக் குடைந்தது.

"எண்பது பேர் மேடம். பதினாறு வருசத்துல ஒருத்தர்கூட என்னைய விட்டு வேற ஆள்கிட்டப் போனதில்ல. இன்னும் எனக்கு ஒருத்தர் சிபாரிசு பண்ணோணுமாங்க? என்ன கர்மமோ!"

மேடத்தின் விரல் நின்றது.

"ஒருத்தர்கூடப் போனதில்லையா?"

"ஒருத்தர்கூட."

"சரி. உங்க வேலைய நான் பாத்தே பத்து வருசமாச்சு. நானா என்னத்தைச் சொல்றது? உங்ககிட்ட வேலை வாங்கினவங்க ஒருத்தர், கைப்பட ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும். அதை வெச்சுச் சொல்றேன்."

"ஒண்ணு என்னங்க, பத்து கொண்டாறேன்!"

எழுந்து திரும்பியபோதுதான் சுவரில் அந்தக் கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தான். மேடம் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே, வருகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. உள்ளே கைப்பட எழுதிய பழைய காகிதம். யாரோ வாடிக்கையாளர் பாராட்டி எழுதியது போலிருக்கிறது என்று நினைத்தான். நின்று படிக்கவில்லை.

நமக்குப் பத்து வரும், பத்துக்கும் சட்டம் போட்டு மாட்டிவிட வேண்டியதுதான் என்று எண்ணிக்கொண்டே படி இறங்கினான். ஆசையைப் பாருங்கள்!

*

செவ்வாய்க்கிழமை காலையிலேயே பைக்கை எடுத்துவிட்டான்.

முதலில் திருச்செங்கோடு. போர்வெல் வண்டி முதலாளி குழந்தைவேல், அறுபது வயதுக்காரர். சம்பத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"வாங்க வாங்க. ஏனுங்க, சைட்ல ஏதாச்சும் கோளாறுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. என்னையப் பத்தி ஒரு வரி எழுதிக் குடுக்கோணும்."

"அவ்வளவுதானுங்களா? என்ன எழுதறதுன்னு சொல்லுங்க, எழுதிப்போடறேன்."

நின்றபடியே எழுதினார். 'சம்பத் அவர்கள் மிக நேர்மையானவர்.' கீழே கையெழுத்து, அதற்கும் கீழே கம்பெனி முத்திரை வேறு.

அடுத்து ஒரு கோழிப் பண்ணை. அதற்கடுத்து ஒரு பர்னிச்சர் கடை. எங்கே போனாலும் டீ வந்தது. எங்கேயும் யாரும் யோசிக்கவே இல்லை. கேட்ட கையோடு எழுதிக் கொடுத்தார்கள்.

கடைசியாக நூர்ஜஹான் அக்கா. பிரியாணி மசாலா அரைத்துப் பாக்கெட் போட்டு, வலைத்தளம் மூலமாக ஊர் ஊருக்கு அனுப்புகிறவர். எல்லாரும் ஒரு வரி எழுதினால் அவர் ஒரு பக்கம் எழுதினார். 'சம்பத் சார் தங்கமான மனுசர். அவர் குடும்பம் நல்லா இருக்கணும்னு நாங்க துவா செய்யாத நாள் இல்லை.'

சம்பத் அதைக் கசங்காமல் மடித்துப் பைக்குள் வைத்தான். நம்மேல் இத்தனை பிரியமா என்று வழியெல்லாம் நினைத்து நினைத்துப் பூரித்துப் போனான், பைத்தியக்காரன்.

*

புதன்கிழமை காலையில் பத்துக் காகிதமும் மேசைமேல் விரிந்தன.

மேடம் ஒவ்வொன்றாகப் படித்தார். அவசரப்படவில்லை.

"இதை எழுதறப்ப குழந்தைவேல் உக்காந்திருந்தாரா, நின்னுட்டிருந்தாரா?"

"நின்னுட்டுத்தான் மேடம். என்னையப் பாத்தா அவர் உக்கார மாட்டாருங்க. அவ்வளவு மரியாதை."

"அவர் கம்பெனியோட வலை முகவரி யார் பேர்ல பதிவாகியிருக்குது?"

"என் பேர்லதான்."

"மத்த ஒம்பது பேர்து?"

"எல்லாமே என் பேர்லதானுங்க. எண்பதும்." சம்பத் சிரித்தான். "அவங்ககிட்ட விட்டா பாஸ்வேர்டைத் தொலைச்சுட்டு நிப்பாங்க."

"அதுக்காகத்தானா?"

சம்பத் கொஞ்சம் நெளிந்தான். "தொழில் மேடம். முகவரி நம்ம பேர்ல இருந்தா, நாம நெனச்சாத்தான் அந்தக் கடை தெறந்திருக்கும். வேற ஆள்கிட்டப் போகோணும்னாலும் நம்மகிட்டத்தானே வந்து நிக்கோணும்?"

மேடம் பத்தையும் அடுக்கி அவன் பக்கம் தள்ளினார்.

"ஒரே ஒருத்தருக்குச் சாவியக் குடுத்துருங்க. முகவரிய அவங்க பேருக்கு மாத்தி, பாஸ்வேர்டையும் அவங்க கையில ஒப்படைச்சுருங்க. அப்புறம் இதே வரிய மறுபடி எழுதித் தரச் சொல்லுங்க."

"இன்னைக்கு அஞ்சு மணிக்குத் தாளாளர் கூப்பிடறாரு மேடம்!"

"சாவி குடுக்கப் பத்து நிமிசம் ஆகுமா?"

"குடுத்துட்டா அவங்க வேற ஆள்கிட்டப் போயிருவாங்களே?"

"எப்படிப் போவாங்க? தங்கமான மனுசர்னு எழுதியிருக்காங்களே."

*

அந்த ஒரு பக்கத்தை நம்பி நூர்ஜஹான் அக்காவிடமே போனான்.

அக்கா மிளகாய் காய வைத்திருந்தார். சம்பத் விஷயத்தைச் சொன்னதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். லேப்டாப்பில் பத்து நிமிட வேலை. முகவரி அவர் பெயருக்கு மாறியது.

"இனி இது உங்களுதுங்கக்கா. பாஸ்வேர்டை மாத்திக்கங்க."

அக்கா தன் போனைத் திருப்பி வைத்துக்கொண்டு, அவனுக்குத் தெரியாதபடி புதுப் பாஸ்வேர்டைப் போட்டார். மூடித் திறந்து பார்த்தார். திரும்பவும் ஒரு தடவை பார்த்தார்.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் முன்னால் அவர் உட்கார்ந்து சம்பத் பார்த்ததே இல்லை.

"இப்ப நேத்து எழுதின மாதிரியே இன்னொரு தடவை எழுதிக் குடுங்கக்கா."

"எழுதறேன். முன்னாடி ஒண்ணு கேக்கணும், சார். ரெண்டு வருசம் முந்தி, நோன்பு மாசத்துல, சைட்ல பாக்கெட் போட்டோ மாத்தணும்னு பத்து நாளா உங்களுக்குப் போன் போட்டேன். நீங்க எடுக்கல. எங்க தெருவுல கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு ஒண்ணு, நான் செஞ்சு தர்றேன்னு உங்களுக்குப் போன் பண்ணிப் பாஸ்வேர்டு கேட்டுச்சு. மறுநாளே என் கடை மூடிக்கிச்சு. ஏன் சார்?"

"அது வந்து... மெயின்டனன்ஸ்..."

"ஒம்பது நாள். எங்களுக்கு யாவாரமே அந்த ஒரு மாசந்தான். கூட அரைச்சுக்கிட்டிருந்த ரெண்டு பொம்பளைங்களை வீட்டுக்கு அனுப்பினேன். ஒருத்தி திரும்பி வரவே இல்ல."

"எங்கிட்ட அப்பவே வந்து கேட்டிருக்கலாமேக்கா."

"கேக்கத்தானே வந்தேன்! வெறுங்கையோட வந்தா நல்லா இருக்காதுன்னு பிரியாணி ஆக்கித் தூக்குல எடுத்துட்டு வந்தேன். நீங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தேன். சாப்பிட்டுட்டு என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது.

"உப்பு கம்மின்னு சொன்னீங்க."

அக்கா எட்டி, ஓரத்தில் கிடந்த மிளகாயை உள்ளே தள்ளினார்.

"நான் நோன்பு, சார். ருசி பாக்காம ஆக்கினது."

சம்பத்துக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. ஆனாலும் கேட்டான், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்புறம் எதுக்குங்கக்கா நேத்து தங்கமான மனுசர்னு எழுதுனீங்க?"

"நேத்து சாவி உங்க கையில இருந்துச்சே."

பேனாவை எடுத்து ஒரே வரி எழுதினார். மடித்துக் கொடுத்தார். டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை.

*

தெருமுனையில் பைக்கை நிறுத்திப் பிரித்துப் படித்தான். பக்கத்தில் குப்பைத் தொட்டி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டால் முடிந்தது. பையில் பழைய பத்தும் பத்திரமாக இருக்கின்றன. மாமனார் வீட்டில் வேறு, ஏழு கல்லூரியும் நமக்குத்தான் என்று சொல்லித் தொலைத்தாயிற்று.

கிழிக்கவில்லை. மனசு திருந்தி அல்ல. ஆத்திரம். அந்தக் காகிதத்தை மேடம் முகத்தில் விட்டெறிய வேண்டும் என்று பொங்கிக்கொண்டு வந்தது.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படியேறிப் போய் எறிந்தான்.

மேடம் எடுத்துப் படித்தார்.

"சந்தோசமாங்க மேடம்? இதைத்தானே எதிர்பாத்தீங்க?" "எனக்கு இந்த வித்தையச் சொல்லிக் குடுத்தது யாரு? ரெண்டாவது பேட்ச், மூணாவது வாரம். 'முகவரிய உங்க பேர்ல வாங்குங்க, அப்பத்தான் வாடிக்கை நிக்கும்'னு போர்டுல எழுதிப் போட்டீங்க. நான் நோட்டுல எழுதி அடிக்கோடு போட்டு வெச்சிருக்கேன். இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்!"

"ஆமா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

இல்லை என்று மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பான்.

"திரும்பிப் பாருங்க சம்பத்."

திரும்பினான். கண்ணாடிச் சட்டம். கிட்டே போய் இந்தத் தடவை படித்தான்.

'அம்மா, நீங்க எங்க ஜவுளிக்கடை சைட்டைப் பூட்டி வெச்ச பதினோரு நாள்ல, எம் பையனுக்குப் பேசி வெச்சிருந்த பொண்ணு வீட்டுக்காரங்க அதைத் தெறந்து பாத்திருக்காங்க. கடைய இழுத்து மூடிட்டாங்கன்னு நெனச்சுச் சம்பந்தத்தை முறிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் அவனுக்கு அமையவே இல்ல. நல்லா இருங்க.'

அவன் இரண்டு தடவை படித்தான்.

"பத்து வருசத்துக்கு முந்தி எல்லாருக்கும் சாவியத் திருப்பிக் குடுத்தேன்" என்றார் மேடம். "குடுத்துட்டு, எல்லார்கிட்டயும் ஒரு வரி கேட்டேன். பாதிப் பேரு பேசாமப் போயிட்டாங்க. சில பேரு வாயில திட்டினாங்க. எழுத்துல வந்தது இது ஒண்ணுதான்."

"அப்பவே எங்களையும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே மேடம்! நாப்பது பேர் படிச்சோமே உங்ககிட்ட!"

"வெக்கமா இருந்துச்சு."

போன் அடித்தது. ஐந்து மணி. மேடம் எடுத்து, சத்தம் வெளியே கேட்கும்படி மேசைமேல் வைத்தார்.

"வணக்கங்கம்மா. நம்ம சம்பத் விசயமா உங்க வார்த்தைய..."

"வணக்கமுங்க. அவரே எதுத்தாப்பலதான் இருக்காரு. அவர்கிட்ட வேலை வாங்கினவங்க கைப்பட எழுதிக் குடுத்திருக்காங்க. வாசிப்பாரு, கேட்டுக்கங்க. என் வார்த்தையும் அதுதான்."

நூர்ஜஹான் அக்காவின் காகிதத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டு, மேடம் கடலைத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். அவனைப் பார்க்கவே இல்லை.

சம்பத்தின் மடியில் பை இருந்தது. பைக்குள் பத்துக் காகிதங்கள் இருந்தன. எதை வாசித்தாலும் தாளாளருக்கு என்ன தெரியப்போகிறது?

அவன் கை ஜிப்பில் பட்டது. பட்டபடியே கொஞ்ச நேரம் இருந்தது.

"ஹலோ? கேக்குதுங்களா?"

மேசைமேல் இருந்த காகிதத்தை எடுத்தான்.

"'உங்க கையில இருக்கிற சாவிய...'" நிறுத்தினான். செருமிவிட்டு முதலிலிருந்து வாசித்தான். "'உங்க கையில இருக்கிற சாவிய இந்த மனுசர்கிட்டக் குடுத்துராதீங்க. இப்படிக்கு நூர்ஜஹான்.'"

அந்தப் பக்கத்தில் போன் வைக்கப்பட்டது.

மேடம் மேசை டிராயரைத் திறந்தார். உள்ளே துழாவி, ஓர் ஆணியை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.