‘போய் வருகிறேன்’ என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு

நீங்கள் கடைசியாக எந்த வாசலில் நின்று ‘போய் வருகிறேன்’ என்று சொன்னீர்கள்? போனது நினைவிருக்கும். வந்தீர்களா?

விடை சொல்ல அவசரம் வேண்டாம். முதலில் இதைக் கேளுங்கள்.

காவிரியின் தென்கரையில் ஒரு மடம் இருந்தது. உமையாள் அம்மை அதன் தலைவி. அங்கே தமிழ்ச் சொற்களுக்கு ஓர் அகராதி உருவாகிக்கொண்டிருந்தது. அதற்கு அம்மை ஒரு விதி வைத்திருந்தார். பொருளை நூல்களில் தேடி எழுதலாம். எடுத்துக்காட்டை மட்டும் உயிரோடிருக்கும் ஒரு மனிதரின் வாயிலிருந்துதான் எடுக்க வேண்டும். மாணவர் தாமாக ஒரு வாக்கியத்தைப் புனைந்து எழுதினால் அந்தத் தாள் அப்படியே திரும்பி வரும்.

மாணவர்களில் மூத்தவர் தாண்டவராயர். அம்மையைவிடவும் அவருக்கு வயது அதிகம். மீசை நரைத்த பிறகு பாடம் கேட்க வந்தவர். ஆனாலும் சொற்களைப் பிரித்துப் பொருள் காண்பதில் அவருக்கு இணை அந்த மடத்தில் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

ஒரு நாள் காலையில் அவர் ஒரு தாளைக் கொண்டுவந்து அம்மையிடம் நீட்டினார்.

“படியும், கேட்போம்” என்றார் அம்மை.

தாண்டவராயர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். “போய் வருகிறேன்: வீட்டை விட்டுப் புறப்படுகிறவர் விடைபெறும்போது கூறும் மங்கலச் சொல். ‘போகிறேன்’ என்று மட்டும் கூறுவது வழக்கமன்று. மரியாதை கருதிக் கூறப்படுவதாதலின், கூறியவர் திரும்பி வருதல் கட்டாயமன்று.”

“கடைசி வரி எந்த நூலில் இருக்கிறது?”

“நூலில் இல்லை, அம்மையே. அடியேன் ஆராய்ந்து கண்டது.”

“எடுத்துக்காட்டு?”

“எல்லோரும் தினமும் சொல்வதுதானே. தனியாக ஒன்று வேண்டுமா?”

அம்மை தாளைத் திருப்பிக் கொடுத்தார்.  குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“ஆற்றுக்குப் போய் வருகிறேன்” என்றார்.

“போய் வாருங்கள்” என்றார் தாண்டவராயர்.

அந்த மடத்தில் அம்மை வந்து உட்காராமல் யாருக்கும் இலை போடுவதில்லை. உச்சிவேளை ஆயிற்று. அம்மை வரவில்லை. நிழல் கிழக்கே சாயத் தொடங்கிற்று. அப்போதும் வரவில்லை. அடுக்களையிலிருந்து சமையல்காரன் நாச்சியப்பன் கரண்டியோடு வெளியே வந்தான்.

“என்ன அண்ணாச்சி, பூசணிக்காய்க் கூட்டு ரெண்டு தரம் சூடு பண்ணியாச்சு. மூணாந்தரம் பண்ணினா அது கூட்டு இல்ல, பசை. நாளைக்கு அதை வெச்சு உங்க தாளை எல்லாம் ஒட்டிக்கலாம்.”

பசி தாண்டவராயரையும் விடவில்லை. ஆற்றுக்கு ஓடினார். மருத மரத்தின் அடியில், படித்துறையில், காலைத் தண்ணீரில் நனைத்தபடி அம்மை உட்கார்ந்திருந்தார். மீன்களுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தார். குடம் பக்கத்தில் காலியாக இருந்தது.

“அம்மையே! மடமே பட்டினி கிடக்கிறது. தாங்கள் இங்கே மீனுக்கு விருந்து வைக்கிறீர்கள்!”

“சாப்பிட்டிருக்கலாமே.”

“எப்படிச் சாப்பிடுவது? தாங்கள்தானே ‘போய் வருகிறேன்’ என்றீர்கள்!”

“மரியாதை கருதிச் சொன்னேன்” என்றார் அம்மை. “வருதல் கட்டாயமன்று.”

  தாண்டவராயருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து குடத்தை நிரப்பித் தோளில் வைத்துக்கொண்டார்.

“கடைசி வரியை அடித்துவிடுகிறேன், அம்மையே.”

“அடிப்பது எளிது. எடுத்துக்காட்டு எங்கே?”

 திரும்பும் வழியெல்லாம் அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. அம்மை அதைக் கண்டார்; காணாததுபோல் நடந்தார்.

மறுநாள் காலை, அக்கரையிலிருந்து வந்த பரிசலில் ஒருவர் வந்து இறங்கினார். தோளில் துண்டு, கையில் ஒரு மூங்கில் கழி. மடத்து முற்றத்தில் நின்று உரக்கக் குரல் கொடுத்தார்.

“மச்சான்! ஏ மச்சான்! உள்ள இருக்கீங்களா, இல்ல அகராதிக்குள்ள பூந்து தாழ்ப்பாள் போட்டுக்கிட்டீங்களா?”

தாண்டவராயர் எழுதுகோலைக் கீழே போட்டார். வந்தவர் அவருடைய தங்கை மருதாயியின் கணவர், பழனியாண்டி.

“மாப்பிள்ளை! வாங்க. என்ன திடீரென்று?”

“திடீர்னா? அக்கரையில இறங்கி அரை நாள் நடந்தா நம்ம ஊரு. அந்த அரை நாள் நடைக்கு நீங்க எத்தனை வருஷம் எடுத்துக்குவீங்கன்னு பாத்துட்டே இருந்தோம். நீங்க வந்தபாடில்ல. அதான் நானே வந்துட்டேன்.”

அம்மை மணையைக் காட்டி உட்காரச் சொன்னார். நாச்சியப்பன் மோர் கொண்டுவந்தான். பழனியாண்டி ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“தாயே, உங்க மாணவரைக் குறை சொல்ல வரல. ஒரு காரியமா வந்தேன். நாளைக்கு எங்க மகளுக்குக் காதுகுத்து.”

“மகிழ்ச்சி. குழந்தைக்கு என்ன வயது?”

“ஏழு.”

அம்மை புருவத்தை உயர்த்தினார். “இவ்வளவு நாள் குத்தவில்லையா?”

“எப்படிக் குத்துறது? தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே குத்தணும். செல்லக்கிளி தொட்டில்ல கெடந்தப்ப இவர் மடத்துக்குக் கிளம்பினாரு. வாசப்படியில நின்னு தங்கச்சிகிட்ட, ‘போய் வர்றேன் தாயி, பிள்ளைக்குக் காதுகுத்து வெக்கிறப்ப என் மடியிலதான்’னாரு. அவளும் ‘போய் வா அண்ணே’ன்னா. காதுகுத்து ஒத்தப்படை வயசுலதானே? ஒரு வயசுல குத்தலாம்னேன். ‘எங்கண்ணன் வரட்டும்’னா. மூணு வயசுல சொன்னேன். ‘வர்றேன்னு சொல்லியிருக்கு’ன்னா. அஞ்சுலயும் அதே பாட்டு. இப்ப ஏழும் முடியப்போகுதேன்னு நானே நாளைக் குறிச்சுட்டேன்; அதுக்குள்ள அண்ணன் வந்துரும்ங்குறா.”

“எனக்கு ஆள் அனுப்பியிருக்கலாமே, மாப்பிள்ளை” என்றார் தாண்டவராயர். அவர் குரல் தணிந்திருந்தது.

“விடணுமே உங்க தங்கச்சி! வர்றேன்னு சொல்லிட்டுப் போனவரைப் போய்க் கூப்பிட்டா, அவர் சொன்னதை நாம நம்பலைன்னு ஆயிருமாம். அவளுக்குத் தெரியாமத்தான் வந்திருக்கேன். மாடு வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்.” கழியைத் தரையில் தட்டினார். “அதுக்குத்தான் இந்தக் கழி. சும்மா ஒரு பொருத்தத்துக்கு.”

அம்மை சிரித்துவிட்டார். “குழந்தை என்ன சொல்கிறது?”

“அதை ஏன் கேக்குறீங்க தாயே! பூவரசங்காயை நூல்ல கோத்து ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டு ஊரெல்லாம் சுத்துறா. கூட வெளையாடுற பிள்ளைங்க ‘மூளிக்காது, மூளிக்காது’ன்னு கேலி பண்ணுதுங்க. இவ இடுப்புல கைய வெச்சுக்கிட்டுச் சொல்றா: ‘எங்க மாமா வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. அவங்க வந்ததும் மடியில உக்காந்து, மொதல்ல அவங்களை ஒரு கடி கடிச்சுட்டு, அப்புறம்தான் குத்திக்குவேன்.’”

முற்றத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தாண்டவராயர் மட்டும் தலை குனிந்திருந்தார்.

அம்மை மெல்லச் சொன்னார்: “தாண்டவராயரே, எடுத்துக்காட்டு கிடைத்துவிட்டது. உயிரோடிருக்கும் ஒருவர் வாயிலிருந்து வந்ததுதான். எழுதிக்கொள்ளும்.”

தாண்டவராயர் எழுதுகோலை எடுக்கவில்லை.

பழனியாண்டி அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். இப்போது அவர் குரலில் கேலி இல்லை.

“மச்சான், உங்களைக் கட்டாயப்படுத்த வரல. படிப்பு பெரிசுதான். நாளைக்கு விடிஞ்சா முகூர்த்தம். நீங்க வந்தா ஊரே திருவிழாவாயிரும். வர முடியாதுன்னா, ‘வரல’ன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிருங்க. மருதாயியோட பெரியப்பா மகன் இருக்காரு. அவரு மடியில வெச்சுக் குத்திக்கிறோம். நீங்க சொன்னதா நான் போய்ச் சொன்னாத்தான் அவ ஒத்துக்குவா.”

எல்லோரும் தாண்டவராயரைப் பார்த்தார்கள்.

அவர் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை.

“சொல்லும்” என்றார் அம்மை. “வருதல் கட்டாயமன்று என்று அழகாக எழுதியவர்தாமே நீர்? அதையே சுருக்கி ஒரு சொல்லில் சொல்லும்.”

அவர் மறுபடியும் முயன்றார். ஒரு சொல்லுக்கு இணையாகப் பத்துச் சொற்களை அடுக்கத் தெரிந்தவர், ஒரு குழந்தையின் காதுகுத்துக்கு ‘வரவில்லை’ என்று சொல்லத் தெரியாமல் திணறினார்.  கண் கலங்கிற்று.

“வரவில்லை அம்மையே” என்றார்.

பழனியாண்டியின் முகம் வாடியது.

“அந்தச் சொல் வரவில்லை, மாப்பிள்ளை. என் நாக்கில் வரவில்லை” என்றார் தாண்டவராயர்.

“அப்படியானால் புறப்படுவதுதானே?” என்றார் அம்மை.

“எப்படிப் புறப்படுவேன்? தாய்மாமன் என்றால் தட்டு நிறையச் சீர் கொண்டு போக வேண்டும். தங்கக் கம்மல், பட்டுப் பாவாடை, பழம், வெல்லம் என்று ஊரே பார்க்கும்படி வரிசை எடுத்துப் போக வேண்டும். பெரிய புலவனாகிக் கை நிறையக் கொண்டு போகலாம் என்று இருந்தேன். அப்படி இருந்தே காலம் போயிற்று. காலம் போகப் போக, வெட்கமும் வளர்ந்தது. இன்று என்னிடம் என்ன இருக்கிறது, அம்மையே? எதைக் கொண்டு போவேன்?”

அம்மை அவரை உற்றுப் பார்த்தார்.

“மடி இருக்கிறதா?”

தாண்டவராயர் விழித்தார்.

“இருக்கிறது.”

“அதைக் கொண்டு போம்.”

 பழனியாண்டி கழியை ஊன்றிக்கொண்டு துள்ளி எழுந்தார்.

“அம்புட்டுத்தான் மச்சான்! கம்மலை மருதாயி எப்பவோ செஞ்சு வெச்சுட்டா. அஞ்சறைப் பெட்டியில கடுகுக்கு நடுவுல கெடக்குது. வெல்லமும் எள்ளும் இடிச்சு வெச்சாச்சு. இல்லாதது மடி ஒண்ணுதான். எந்திரிங்க!”

“தங்கை என்னைப் பார்த்ததும் அழுவாளே, மாப்பிள்ளை.”

“அழட்டும். அழுதுட்டு, ‘மாடு எங்கே’ன்னு என்னைக் கேப்பா. இந்தா நரைச்ச மீசை வெச்ச மாடுன்னு உங்களைக் காட்டிருவேன். கடி வாங்குறதுக்கு மட்டும் தயாரா வாங்க. பிள்ளைக்கு இப்பத்தான் முன்பல்லு முளைச்சிருக்கு, நல்ல கூர்மை.”

தாண்டவராயர் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து மடத்தில் யாரும் பார்த்ததில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். நாச்சியப்பன் ஓடிப்போய் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தான்.

“மடம் கொடுக்கிற சீர், அண்ணாச்சி. வழியில நீங்களே தின்னுடாதீங்க.”

மடமே படித்துறை வரை வழியனுப்பப் போயிற்று. பரிசல் காத்திருந்தது. பழனியாண்டி முதலில் ஏறினார். தாண்டவராயர் ஒரு காலைப் பரிசலில் வைத்தார். பிறகு திரும்பி, அம்மையைப் பார்த்துக் கைகூப்பினார்.

“போய்...” என்று தொடங்கினார். நிறுத்திவிட்டார். வாழ்நாளெல்லாம் நினையாமலே சொல்லிவந்த சொல்லை இப்போது முதன்முறையாக நினைத்துப் பார்த்தார்.

“அம்மையே, சொல்லலாமா?”

“வருவீரா?”

அவர் அக்கரையைப் பார்த்தார். மடத்தைப் பார்த்தார்.

“வருவேன்.”

“அப்படியானால் சொல்லும்.”

“போய் வருகிறேன், அம்மையே.”

“போய் வாரும்” என்றார் அம்மை.

பரிசல் சுழன்று நீரோட்டத்தில் நகர்ந்தது. வாழைப்பழச் சீப்பைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டியபடி தாண்டவராயர் சிறுபிள்ளைபோல் நின்றார். “உக்காருங்க மச்சான், கவுத்துடாதீங்க! மடி நனைஞ்சா எங்க போயி மாத்து மடி வாங்குறது?” என்று பழனியாண்டி அதட்டுவது கரை வரை கேட்டது.

பரிசல் நடு ஆற்றைத் தாண்டும் வரை மாணவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஒருவரும் மடத்துக்குத் திரும்பவில்லை. அவரவர் கண்ணில் அவரவர் வாசல் தெரிந்தது.

நாச்சியப்பன்தான் முதலில் கேட்டான். “அம்மையே, அந்தச் சொல்லுக்கு எடுத்துக்காட்டு இன்னும் எழுதலையே. யாரு எழுதுறது?”

அம்மை திரும்பி, கரையில் நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார்.

“நீங்களெல்லாம் எந்த வாசலில் அதைச் சொல்லிவிட்டு வந்தீர்கள்? இன்னும் ஏன் இங்கே நிற்கிறீர்கள்? பொழுது சாய்வதற்குள் பரிசல் இன்னொரு முறை வரும். நாளைக்கு என்று வைக்காதீர்கள். இன்றே ஏறுங்கள்.”